செங்குத்தான சாய்தளம்: மனு எழுத வழிகாட்டுதல் தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டைக்கு அருகே ஓர் அரசு அலுவலகத்தில், ஒன்றரை அடி உயர வாசலுக்கு ஐந்தடி நீளச் சாய்தளம் கட்டி, பக்கத்தில் சக்கர நாற்காலிப் படமும் வரைந்திருக்கிறார்கள். (படம் நன்றாகவே இருக்கிறது.) ஓர் அடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற வரையறைப்படி அது பதினெட்டு அடி இருக்க வேண்டும்; கைப்பிடியும் இல்லாததால், சக்கர நாற்காலியில் செல்லும் என் தம்பியை இருவர் தூக்கித்தான் உள்ளே கொண்டுசெல்ல வேண்டியிருக்கிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் 45ஆம் பிரிவு, விதிகள் வெளியானதிலிருந்து ஐந்தாண்டுகளுக்குள் பொதுக் கட்டடங்களைத் தடையற்றவையாக்கச் சொல்கிறது. விதிகள் வந்தது 2017இல். இத்தகைய வரையறைகள் வெறும் பரிந்துரைகளாக நிற்கக் கூடாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் ஆணையிட்டது.

கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு அளிக்க எண்ணியுள்ளோம். இவ்வகை மனு எழுதியவர்கள், பெயர்களை மறைத்து அதன் நகலைப் பகிர இயலுமா? மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கும் உடனே எழுதலாமா, ஆட்சியரின் பதிலுக்குக் காத்திருப்பது முறையா? வாசல் முன் இடம் குறுகலாக இருப்பதால், இடையில் திரும்பும் சாய்தளத்திற்கு வரைபடம் தரக்கூடிய கட்டடப் பொறியாளர் எவரேனும் இருந்தால், மனுவுடன் அதையும் இணைத்துவிடுவோம்.