இழை: ‘கரோனரி அனியூரிசம்’ – பெற்றோருக்குப் புரியும் சொல் வேண்டும் (நாளை அச்சு)

செ.க. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

சிறு குழந்தைகளுக்கு வரும் கவசாகி நோய் பற்றிப் பெற்றோருக்கான துண்டறிக்கை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். நாளை மாலை அச்சுக்குப் போக வேண்டும். ஓரிடத்தில் மட்டும் நிற்கிறேன். இந்த நோயில் இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் கரோனரி தமனியின் சுவர் அழற்சியால் தளர்ந்து ஓரிடத்தில் உப்பிவிடுகிறது. மருத்துவர்கள் ‘கரோனரி அனியூரிசம்’ என்கிறார்கள். அதை அப்படியே போட்டுச் சில பெற்றோரிடம் படிக்கக் கொடுத்தேன். “கொரோனா வந்தால் இதயத்திலும் கட்டி வருமா?” என்று கேட்டார்கள். ‘கரோனரி’யைக் கொரோனாவின் பெயரடை என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

தமிழாக்கலாம் என்றால் அங்கேயும் அதே சிக்கல். இரண்டுக்கும் வேர் மகுடம்தான். ‘முடியுரு நாடி’ என்று எழுதினால், அந்தத் தீநுண்மிக்கும் (கொரோனா வைரசுக்கும்) முடியையும் மகுடத்தையும் வைத்தே பெயர் சூட்டியிருக்கிறோமே! மகுடம் இல்லாத சொல் ஒன்று தாருங்கள். உப்பலுக்கும் ஒரு சொல் வேண்டும்.

பேரா. நா. எழுதியது:

அன்பின் செ.க.,

முதலில் ‘தமனி’யைக் கைவிடுங்கள், அது வடசொல். நம்மிடம் ‘நாடி’ இருக்கிறது. நாடுதல் என்பது தேடிச் செல்லுதல். குருதி உறுப்பை நாடிச் செல்லும் வழி ஆதலின் நாடி. ‘இரத்த’த்தையும் ‘குருதி’ ஆக்கிவிடுங்கள்.

உப்பலுக்குப் ‘பொம்மல்’ என்பது என் பரிந்துரை. ‘பொம்மல் ஓதி’ என்று சங்கப் பாடல்களில் படித்திருப்பீர்கள். பொம்முதல் என்றால் பூரித்தல், பருத்தல். பொங்கு, பொம்மு, பொலி, பொதி எல்லாம் ஒரே குடும்பம். ‘நெஞ்சநாடிப் பொம்மல்’ எவ்வளவு செறிவாக இருக்கிறது, சொல்லிப் பாருங்கள்.

அ.ம. எழுதியது:

ஐயா, பொம்மல் ஓதி என்றால் அடர்ந்த கூந்தல். அதைக் குழந்தையின் இதயத்தில் கொண்டுவந்து வைக்கிறீர்களே! நாடி–நாடு தொடர்பும் எனக்கு ஒப்பவில்லை. ‘மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா’, அதாவது ஒரு சொல்லுக்கு அந்தப் பொருள் வந்த காரணம் தெளிவாகப் புலப்படாது என்று தொல்காப்பியர் உரியியலிலேயே நம்மை எச்சரித்துவிட்டார். தமனியைத் தள்ளுவதற்கும் காரணம் தெரியவில்லை. வடஎழுத்தை நீக்கினால் வடசொல்லும் ஏற்கத்தக்கதே என்னும் ‘வடசொற் கிளவி வடஎழுத்து ஒரீஇ’ என்ற விதிக்கு இம்மியும் குறையாத சொல் அது, பள்ளிப் பாடநூலிலும் இருக்கிறது.

பேரா. நா. எழுதியது:

‘விழிப்பத் தோன்றா’ என்றுதான் நூற்பா சொல்கிறது, ‘தோன்றா’ என்று மட்டும் சொல்லவில்லை. பார்த்தவுடன் புலப்படாது, ஆராய்ந்தால் புலப்படும் என்பதே கருத்து. நான் ஆராய்கிறேன்.

மரு. இ. எழுதியது:

வணக்கம். குழந்தை மருத்துவர் என்ற முறையில் இரண்டு செய்திகளைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று: ‘விரிவு’ என்ற சொல்லை இதற்குத் தந்துவிடாதீர்கள். எக்கோ (இதய ஒலியலைப் பரிசோதனை) அறிக்கையில் குழாய் சற்றே அகன்றிருப்பதை ஒருவகையாகவும், உப்பிப் பை போல் ஆகிவிட்டதை வேறுவகையாகவும் குறிக்கிறோம். உப்பிய இடத்தின் அகலம் 8 மில்லிமீட்டரைத் தொட்டால் அது இன்னொரு வகை, அந்தக் குழந்தைக்குப் பல ஆண்டுக் கண்காணிப்பு வேண்டும். ‘வீக்கம்’ அறவே வேண்டாம். அதே அறிக்கையில் கை கால் வீக்கத்தை ஓர் அறிகுறியாகப் போட்டிருப்பீர்கள். ‘கட்டி’ என்றால் புற்று என்று பயந்துவிடுவார்கள்.

இரண்டு: இந்த உப்பல் வலிக்காது, வெளியே தெரியாது. காய்ச்சல் தானாகவே இறங்கிப் பிள்ளை விளையாடத் தொடங்கிய பிறகும் உள்ளே வளரலாம். சிகிச்சை தராவிட்டால் ஏறத்தாழ நான்கில் ஒரு குழந்தைக்கு இது வரும். காய்ச்சல் தொடங்கிய 10 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்தை நரம்பு வழியாக ஏற்றிவிட்டால் நூற்றுக்கு நான்கு பேர் அளவுக்குக் குறைந்துவிடும். ஆகவே சொல் எதுவாக இருந்தாலும் ‘5 நாள் காய்ச்சல்’ என்பது தடித்த எழுத்தில் வரட்டும். கைக்குழந்தைகளுக்கு மற்ற அறிகுறிகள் முழுமையாக வராமலும் இருக்கலாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் நீடித்தால் எங்களுக்குச் சந்தேகம் வந்தாக வேண்டும்.

கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் எங்களுக்கு இருந்த தொல்லையையும் சொல்கிறேன். காய்ச்சல் என்றாலே கொரோனா சோதனை. ‘இல்லை’ என்று வந்தால் வீட்டிலேயே இருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். தொற்றுக்கு அஞ்சிப் பெற்றோரும் வரவில்லை, தொலைபேசியில் கேட்டார்கள். வெடித்துச் சிவந்த உதடும், மேலே சிறு சிறு மணிகள் எழும்பிய செந்நாக்கும் இந்த நோய்க்கு முக்கியமான தடயங்கள். அப்போது இரண்டும் முகக்கவசத்துக்கு உள்ளே! பீளை இல்லாமல் இரு கண்ணும் சிவப்பது ஒருநாள் இருக்கும், மறுநாள் மறைந்திருக்கும். உடல் தடிப்பும் அப்படித்தான். கழுத்தில் நெறிகட்டியதைத் தடவிப் பார்த்தால்தான் தெரியும். அறிகுறிகளைத் தினமும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். விரல் நுனித் தோல் உரியும் வரை காத்திருக்க வேண்டாம் என்றும் எழுதுங்கள். அது இரண்டு மூன்று வாரம் கழித்து வருவது, அதற்குள் அந்த 10 நாள் போய்விடும்.

அ.ம. எழுதியது:

அறிகுறிகள் ஒருங்கே வராது என்பது நல்ல செய்தி, அறிக்கையில் அவசியம் வரட்டும். பேராசிரியர் ஐயா ‘நோய்நாடி’ குறளை எடுப்பதற்குள் நானே முந்திக்கொள்கிறேன். அடுத்த குறள்தான் இங்கே பொருந்தும்: ‘உற்றான் அளவும் பிணியளவும் காலமும்’. அந்தக் ‘காலமும்’தான் மருத்துவர் அம்மா சொல்லும் பத்து நாள்.

உப்பலுக்கு ‘மொக்குள்’ எப்படி? நீர்க்குமிழி என்று பொருள். மெல்லிய சுவர், உள்ளே நீர்மம், வடிவமும் ஒத்துவருகிறது.

பேரா. நா. எழுதியது:

‘படுமழை மொக்குளின் பல்காலும் தோன்றிக் கெடுமிதோர் யாக்கை.’ மழைநீர்க் குமிழி போல உடல் தோன்றி அழியும் என்கிறது நாலடியார், யாக்கை நிலையாமை! காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் தாய் கையில் இந்தச் சொல்லைக் கொடுக்கலாமா? கூந்தலுக்கு என்னைக் கடிந்துகொண்டவர் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அ.ம. எழுதியது:

சரி, மொக்குளைத் திரும்பப் பெறுகிறேன். பொம்மலை நீங்களும் திரும்பப் பெறுங்கள்.

யோ. எழுதியது:

வணக்கம். ஈழத்துப் பக்கத்திலிருந்து ஒரு குறிப்பு. எங்கட பாடப்புத்தகத்தில் நாடி என்றால் இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவது, நாளம் என்றால் இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது. தமிழகத்தில் இவற்றைத் தமனி, சிரை என்கிறீர்கள். நாளத்தைப் பொதுப்பெயராக வைத்திருக்கிறீர்கள், நாடி என்றால் கையைப் பிடித்துப் பார்க்கிற துடிப்பு. ஆகவே ஆராவது ‘இதய நாளம்’ என்று எழுதினால் நாங்கள் நேர்மாறாக விளங்கிக்கொள்ளுவம். ‘முடியுருநாடி’ எங்களுக்குப் பழகின சொல்தான். ஆனால் செ.க. சொல்லுற குழப்பம் இந்தக் காலத்தில் எங்கட சனத்துக்கும் வரும்.

‘குழாய்’ என்று வையுங்கோவன். இரண்டு கரைக்கும் பொது.

செ.க. எழுதியது:

யோ. அண்ணாவுக்கு நன்றி. அப்படியானால் இதயத்துக்கே ஊட்டும் குழாய் என்ற பொருளில் ‘இதய ஊட்டுக்குழாய்’, உப்பலுக்குப் ‘புடைப்பு’. சேர்த்தால் ‘இதய ஊட்டுக்குழாய்ப் புடைப்பு’. உடன்பாடா?

பேரா. நா. எழுதியது:

‘ஊட்டுக்குழாய்’ பிழை. ஊட்டிய, ஊட்டுகின்ற, ஊட்டும் என முக்காலமும் தொக்கி நிற்பதால் இது வினைத்தொகை. வினைத்தொகையில் வல்லெழுத்து மிகாது. ஊறுகாய், சுடுகாடு போல ‘ஊட்டுகுழாய்’. ‘புடைப்பு’ம் யோசிக்கத்தக்கது. புடைத்தல் என்றதும் முறம்தான் நினைவுக்கு வரும். அடித்தல் என்றும் பொருள் உண்டு.

அ.ம. எழுதியது:

‘ஊட்டு’ என்பதை முதனிலைத் தொழிற்பெயராக (வினைப்பகுதியே பெயராக நிற்பதாக) கொண்டால் க் மிகும். இரண்டுக்கும் இடம் உண்டு ஐயா. நரம்பு புடைத்தது என்று ஊர்முழுக்கச் சொல்கிறார்களே, முறத்தையா நினைக்கிறார்கள்?

மரு. இ. எழுதியது:

க் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எங்கள் வார்டில் ‘ஊட்டுக்குழாய்’ என்றால் மூக்கு வழியாகப் பால் செலுத்தும் குழாய் என்றுதான் செவிலியர் நினைப்பார்கள். மன்னிக்கவும்!

இன்னொன்று. அறிக்கையின் இரண்டாம் பகுதியில் கொரோனாவுக்குப் பிறகு பிள்ளைகளுக்குப் பல உறுப்புகளில் வரும் அழற்சி நோயும் இருக்கிறது அல்லவா? 2020 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் வரையறை தந்த நோய். அதைக் கவசாகியோடு ஒன்றாக்கிவிட வேண்டாம். கவசாகி பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வருவது. இது சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு, தொற்று வந்துபோய் இரண்டு முதல் ஆறு வாரத்தில் வரும். தொற்று வந்ததே வீட்டில் தெரியாமலும் இருந்திருக்கும். கடும் வயிற்றுவலி, வாந்தி, வயிற்றுப்போக்கு என்று தொடங்குவதால் குடல்வால் அழற்சியோ என்று அலைந்துவிட்டு வருகிறார்கள். இதயத் தசையே சோர்ந்து இரத்த அழுத்தம் இறங்கிவிடும். மூக்குச் சளிச் சோதனை ‘இல்லை’ என்று வந்தாலும் இது இருக்கலாம். பிள்ளை துவண்டு, கை கால் சில்லிட்டால் நாள் எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது, அன்றே மருத்துவமனை.

யோ. எழுதியது:

ஒரு சின்ன விலகல். கவசாகி என்றதும் எங்கட பெடியள் மோட்டார் சைக்கிளைத்தான் யோசிப்பாங்கள். 1967இல் ஐம்பது பிள்ளைகளைப் பற்றி எழுதி இந்த நோயை அடையாளம் காட்டின தொமிசாகு கவசாகி என்ற ஜப்பானிய மருத்துவரின் பெயர் என்று ஒரு வரி போட்டுவிடுங்கோ. அவர் 2020 ஜூனில், 95 வயதில் காலமானவர்.

செ.க. எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இனி அச்சகம் பொறுக்காது. ‘இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாயில் புடைப்பு’ என்று முழுத்தொடராகவே போட்டுவிட்டேன். மருத்துவர் சொன்னால் அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காகக் ‘கரோனரி’ ஒரே ஒருமுறை வருகிறது, பக்கத்திலேயே ‘இது கொரோனா அல்ல’ என்ற குறிப்போடு. 5 நாள், 10 நாள் இரண்டும் தடித்த எழுத்தில். மரு. இ., அ.ம., யோ. ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறேன்.

அ.ம. எழுதியது:

ஒப்புதல். களைப்பினால்.

பேரா. நா. எழுதியது:

தொடர் வேறு, சொல் வேறு. கேட்டது சொல், கிடைத்தது விளக்கவுரை. ஆகவே கலைச்சொல் பட்டியலில் இந்த இடம் காலியாகவே இருக்கிறது என்று என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். அத்துடன், ‘இரத்தம்’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

செ.க. எழுதியது:

ஐயா, அடுத்த பதிப்பில் ‘குருதி’ பற்றிப் பேசலாம். தனி இழை தொடங்குங்கள், இதிலேயே வேண்டாம்.