பார்வை இழந்தபின் ஏற்றுமதி நிறுவன வேலைக்குத் திரும்ப இயலுமா?

கேள்வி (அவிநாசி):
மூளைக் காசநோயிலிருந்து மீண்ட என் தம்பிக்கு இரு கண்களிலும் பார்வை போய்விட்டது. திருப்பூரில் ஏற்றுமதி ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்தவன், துணியைத் தொட்டே ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை என்பது) சொல்லக்கூடியவன், இனி எந்த வேலையைத் தேடலாம்?

பதில் (ஈரோடு):
அண்ணா, நானும் நோயால் பார்வை இழந்தவன். இன்று மஞ்சள் மண்டி ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். என்விடிஏ என்னும் கட்டணமில்லாத திரைவாசிப்பான் மென்பொருள் எக்செல் கட்டங்களையும் மின்னஞ்சலையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் படித்துக் காட்டும். மவுஸை விட்டு விசைப்பலகையில் மட்டுமே இயங்கப் பழகுவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. பையர்களுடன் பேசுவது, ஆர்டரைத் தொடர்வது, ஷிப்மென்ட் தேதியைக் கண்காணிப்பது ஆகிய பழைய பணிகளைத் தம்பி தொடரலாம். நிற ஒப்பீட்டை மட்டும் பிறரிடம் விட வேண்டும். அவருடைய கைத்திறனும் அனுபவமும் வீணாகாத வேலை இதுவே என்பேன்.

பதில் (கோபி):
முதலில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை பெறுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணியிடங்களில் குறைந்தது 4 விழுக்காட்டை ஒதுக்குகிறது. அதில் 1 விழுக்காடு பார்வையற்றோருக்கும் குறைபார்வை உடையோருக்கும் உரியது. பணிக்காலத்தில் ஊனமுற்றவரை நீக்கக்கூடாது என்ற அச்சட்டப் பிரிவு அரசு நிறுவனங்களை மட்டுமே கட்டுப்படுத்துகிறது (இது எனக்கு நியாயமாகப் படவில்லை). எனவே பழைய முதலாளியிடம் நேரில் பேசுவதே வழி.

கேள்வி கேட்டவர்:
நன்றிங்க. மென்பொருளை இன்றே நிறுவுகிறோம்.