டாய் பூடில் / கேவபூ குட்டி: முன்பணம் கட்டும் முன் விற்பவரிடம் என்ன கேட்பது?

பொங்கோல்வாசி

வணக்கம். சிங்கப்பூரில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, 7 வயதில் ஒரு பிள்ளை. டாய் பூடில் அல்லது கேவபூ (கேவலியர் ஸ்பேனியலும் பூடிலும் கலந்தது) வாங்கலாம் என்று இருக்கிறோம். சுங்கை தெங்கா பக்கம் ஒரு பண்ணையிலும், ஆஸ்திரேலியாவிலிருந்து குட்டி இறக்கும் ஒரு கடையிலும் பேசியாயிற்று. இரண்டு இடத்திலும் ஒரே பதில்: "ஊசியெல்லாம் போட்டாச்சு, அப்பா அம்மா நல்ல ஆரோக்கியம்." முன்பணம் கட்டினால் குட்டியை எடுத்து வைப்பார்களாம். கட்டுவதற்கு முன் என்ன கேட்க வேண்டும், என்ன பதில் வந்தால் சரி, எது வந்தால் எழுந்து வந்துவிட வேண்டும்? விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கிளினிக் தாதி

"ஆரோக்கியமா?" என்று கேட்டால் யாரும் "இல்லை" என்று சொல்லப்போவதில்லை. வாயால் பதில் சொல்லி முடித்துவிட முடியாதபடி கேளுங்கள். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு தாள் வரவேண்டும், அந்தத் தாளில் நாயின் 15 இலக்க மைக்ரோசிப் எண் இருக்க வேண்டும். எண் இல்லாத தாள் எந்த நாயுடையதாகவும் இருக்கலாம்.

குட்டியைப் பற்றிக் கேட்பதற்கு முன் அதன் தாய் தந்தையைப் பற்றிக் கேளுங்கள். டாய் பூடில் என்றால் கண்ணும் முட்டிச்சில்லும் முக்கியம்.

கண்ணில் வருவது பிஆர்சிடி-பிஆர்ஏ என்ற விழித்திரைச் சிதைவு. பரம்பரையாக வருவது. முதலில் இருட்டில் தடுமாறும், போகப் போக முழுப் பார்வையும் போய்விடும். பெரும்பாலும் வளர்ந்து சில வருடம் ஆன பிறகுதான் வெளியே தெரியும் என்பதால், குட்டியின் கண்ணைப் பார்த்து எந்த மருத்துவராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் தாய் தந்தையின் கன்ன உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து அனுப்பினால் மரபணுச் சோதனையில் தெரிந்துவிடும். முடிவு கிளியர் (குறையுள்ள மரபணு இல்லை), கேரியர் (ஒரு பிரதி உண்டு, தனக்கு நோய் வராது, குட்டிக்குக் கடத்தலாம்), அஃபெக்டட் (இரண்டு பிரதியும் உண்டு) என்ற மூன்றில் ஒன்றாக இருக்கும். பெற்றோரில் ஒன்று கிளியர் என்றாலே அந்த ஈற்றில் எந்தக் குட்டிக்கும் இந்த நோய் வராது. இரண்டுமே கேரியர் என்றால் ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஆகவே "தாய் கேரியர்" என்று ஒரு வளர்ப்பாளர் தாமாகச் சொன்னால் பயப்படாதீர்கள், தந்தையின் தாளைக் கேளுங்கள். சோதனையே செய்யாமல் "எங்கள் நாய்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை" என்பவரை நம்புவதற்குத்தான் யோசிக்க வேண்டும்.

முட்டிச்சில்லு நழுவுவதற்கு மரபணுச் சோதனை கிடையாது. மருத்துவர் கையால் தடவிப் பார்த்து 1 முதல் 4 வரை தரம் போடுவார். 1 என்றால் அழுத்தினால் நகர்ந்து, விட்டதும் தானே திரும்பும். 4 என்றால் நிரந்தரமாக வெளியே நிற்கும். ஒரு வயதுக்குமேல் போட்ட தரம்தான் நம்பகமானது. அதனால் தாய் தந்தை இரண்டுக்கும், மருத்துவர் கையெழுத்தும் தேதியும் உள்ள தாள் கேளுங்கள். குட்டி ஓடும்போது நடுவில் ஒரு பின்னங்காலைத் தூக்கி இரண்டு மூன்று அடி தத்திவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் ஓடினால் அது விளையாட்டு இல்லை.

அடுத்து ஊசி. 10 வாரக் குட்டிக்கு "எல்லா ஊசியும் முடிந்தது" என்று சொன்னால் அது நடக்க வாய்ப்பே இல்லை. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை ஊசி மருந்தை அது வேலை செய்யவிடாது. எப்போது குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை போட்டு, கடைசி ஊசியை 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ போடுகிறோம். அட்டையில் மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய லேபிள், அதில் தொகுதி எண், பக்கத்தில் மருத்துவர் முத்திரை மூன்றும் இருக்க வேண்டும். வெறும் பேனாவில் தேதி மட்டும் எழுதியிருந்தால் அந்த கிளினிக்குக்கே போன் போட்டு சிப் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

கடைசி ஊசி முடிந்து ஒன்றிரண்டு வாரம் வரை புளோக் கீழ்த்தளத்திலும் புல்வெளியிலும் குட்டியைத் தரையில் விடக்கூடாது, தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். குட்டிகளின் குடலைத் தாக்கி உயிரையே எடுக்கக்கூடிய பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கைத் தூய்மி ஜெல்லுக்கு அது சாகாது. குளோராக்ஸ் வகை பிளீச்சை ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, 10 நிமிடம் ஊறவிட்டால்தான் சாகும்.

விதி வேலு

மருத்துவ விஷயம் மேலே வந்துவிட்டது, நான் தாள் விஷயத்துக்கு வருகிறேன்.

வீவக வீட்டில் ஒரு நாய்தான், அதுவும் அனுமதிக்கப்பட்ட சிறு இனங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். மீறினால் 4,000 வெள்ளி வரை அபராதம். டாய் பூடில் பட்டியலில் உண்டு. கேவலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பேனியலும் உண்டு, ஆகவே கேவபூவும் சரி. ஆனால் கலப்பினத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது: கலந்த இரண்டு இனமுமே பட்டியலில் இருக்க வேண்டும். கோர்கி, பீகிள், ஷிபா எதுவும் பட்டியலில் இல்லை. "கோர்கி கலந்தது, சின்னதாகத்தான் வளரும்" என்று யாராவது சொன்னால் அபராதம் கட்டப்போவது அவரில்லை. விற்பவரிடம் "நாயின் உரிமத்தில் இனம் என்று என்ன பதிந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டு, திரையில் காட்டச் சொல்லுங்கள்.

விற்பனைக்காக நாய் வளர்ப்பவருக்கு ஏவிஎஸ் (அரசின் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவைப் பிரிவு) உரிமம் இருக்க வேண்டும். உரிமம் பெற்ற கடைகள், பண்ணைகளின் பட்டியல் அவர்கள் இணையத்தளத்தில் இருக்கிறது. கடைப் பெயர்ப்பலகையில் உள்ள பெயரும் ரசீதில் உள்ள பெயரும் அந்தப் பட்டியலில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். சிலசமயம் ரசீது வேறொரு நிறுவனத்தின் பெயரில் வரும். பின்னால் வழக்கு என்று போனால் அங்கேதான் கால் இடறும்.

குட்டியைக் கையில் வாங்கும் முன் உங்கள் கண்முன்னே சிப்பை ஸ்கேன் செய்யச் சொல்லி, ஊசி அட்டை, உரிமம், வம்சாவளித் தாள் மூன்றிலும் உள்ள எண்ணோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். நாயின் உரிமம் முதலில் விற்பவர் பெயரில் இருக்கும், அங்கிருந்து சிங்பாஸ் (அரசின் மின்னிலக்க அடையாளக் கணக்கு) வழியாக உங்கள் பெயருக்கு மாற வேண்டும். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட நாயை உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 5,000 வெள்ளி வரை அபராதம். முதல் தடவை நாய் வளர்ப்பவர் என்றால் ஏவிஎஸ்ஸின் இலவச இணையப் பாடத்தை முன்கூட்டியே முடித்துவிடுங்கள், கடைசி நேரத்தில் அவசரப்பட வேண்டியதில்லை.

டெலிகிராமில் பாதி விலைக்கு வரும் குட்டிகளைத் திரும்பிப் பார்க்காதீர்கள். மலேசிய எல்லையில் உள்ள உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் கார்களுக்குள் ஒளித்து, மயக்க மருந்து கொடுத்துக் கொண்டுவந்த குட்டிகள் பிடிபட்டதுண்டு. சிங்கப்பூரில் 1953க்குப் பிறகு வெறிநாய்க்கடி நோய் இல்லை. மலேசியாவில் இருக்கிறது.

செங்காங் மலர்

கேவபூ பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் நான் சொல்றேன். "கலப்பினம், அதனால நோயே வராது"ன்னு விற்பாங்க. கேவலியர் இனத்துல இதய வால்வு நோய் ரொம்ப அதிகம், மத்த இனங்களைவிடச் சின்ன வயசுலேயே தொடங்கும். பூடில் மாதிரி சின்ன நாய்களுக்கும் வயசானா அதே நோய் வரும். ரெண்டு பக்கமும் இருக்கிற நோய் கலந்ததால காணாமப் போகாது. கேவலியர் பெற்றோருக்கு இப்போ என்ன வயசு, கடைசியா இதய நிபுணர் எப்போ பார்த்தார், முணுமுணுப்புச் சத்தம் உண்டான்னு கேளுங்க. தாத்தா பாட்டி நாய்கள் எத்தனை வயசு வரை இருந்துச்சுன்னும் கேளுங்க. ஒன்றரை வயசுல இதயம் நல்லா இருக்குன்னு வாங்கின தாள் பெரிசா எதையும் சொல்லாது.

பண்ணைக்குப் போனா தாயைப் பார்க்கணும்னு கேளுங்க. கிருமி வந்துடும்னு உள்ளே விடாம இருப்பது நியாயமான காரணம்தான், அதைத் தப்பு சொல்ல மாட்டேன். ஆனா அப்போ நேரடி வீடியோ அழைப்புல தாயைக் காட்டி, அதோட சிப்பை ஸ்கேன் பண்ணிக் காட்டச் சொல்லலாம். அதுக்கும் சாக்கு வந்தா, யோசிக்க வேண்டியதுதான். இறக்குமதிக் குட்டின்னா அங்கே வளர்த்தவர் யார், எந்த ஊர், எத்தனை வாரத்துல தாயை விட்டுப் பிரிச்சாங்க, இங்கே வந்து எத்தனை நாளாச்சுன்னு கேளுங்க. 3 வாரத்திலிருந்து 14 வாரம் வரைதான் குட்டி உலகத்தைப் பழகிக்கிற காலம். அதுல பாதியைக் கூண்டிலேயும் விமானத்திலேயும் கழிச்ச குட்டிக்கு லிஃப்ட் சத்தம், குழந்தைகள் கத்துறது எல்லாமே பயமா இருக்கும். உங்க வீட்டுல 7 வயசுப் பிள்ளை இருக்கு, அதனால இதை லேசா விடாதீங்க.

நேரில் பார்க்கும்போது, சாப்பாட்டு நேரத்தை ஒட்டிப் போங்க. எப்படிச் சாப்பிடுது, அப்புறம் கழிக்கிறது எப்படி இருக்குன்னு ரெண்டையும் பார்க்கலாம். சளி மாதிரியோ ரத்தம் கலந்தோ இருந்தா ஜியார்டியா, காக்சிடியாங்கிற குடல் ஒட்டுண்ணி ரெண்டுக்கும் பரிசோதனை கேளுங்க. காதுக்குள்ள காப்பித்தூள் மாதிரி கறுப்பா இருந்தா காதுச் சிற்றுண்ணி (இயர் மைட்) இருக்கலாம். வட்டமா முடி கொட்டியிருந்தா படர்தாமரை, அது பிள்ளைக்கும் ஒட்டும். உச்சந்தலையில மெதுவாத் தடவி, குழி இன்னும் மூடாம இருக்கான்னு பாருங்க. ஆண் குட்டின்னா ரெண்டு விரையும் இறங்கியிருக்கணும். 6 மாசத்துலயும் ஒண்ணு உள்ளேயே இருந்தா பின்னால புற்றுநோய் ஆபத்து கூடும், வயிற்றைத் திறந்து எடுக்கணும், சாதாரண கருத்தடையைவிடச் செலவு அதிகம்.

"டீகப்"னு விற்கிறதை வாங்காதீங்க. அப்படி ஒரு இனம் கிடையாது. ஒரு கிலோகூட இல்லாத குட்டி ஒருவேளை சாப்பாடு தவறினாலே ரத்தச் சர்க்கரை விழுந்து தள்ளாடும், உடம்பு சில்லுனு ஆகும். கடந்த ஒரு வார எடைக் கணக்கு கேளுங்க, தினமும் கொஞ்சமாவது ஏறியிருக்கணும். ஒரு நாளைக்கு எத்தனை வேளை, எத்தனை கிராம், எந்த பிராண்டுன்னு எழுதி வாங்குங்க. அதே தீனியை வீட்டுலயும் தொடங்கி, ஒரு வாரத்துல கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க. தள்ளாடினா ஈறுல தேன் தடவிக்கிட்டே கிளினிக்குக்கு ஓடணும்.

பொங்கோல்வாசி

மூவருக்கும் நன்றி. கடையிலிருந்து ஒப்பந்த மாதிரி வந்திருக்கிறது: "வைரஸ் நோய்களுக்கு 3 நாள் உத்தரவாதம், பரம்பரை நோய்க்கு 1 ஆண்டு, எங்கள் சத்துமாவு வாங்கினால் மட்டும் செல்லும், ஈடாக வேறு குட்டி தரப்படும்." தவணையிலும் கட்டலாமாம். இது சரிதானா? இன்னொன்று, அதே கடையில் 8 மாத டாய் பூடில் ஒன்று இருக்கிறது, நன்றாக விலை குறைத்துத் தருகிறார்கள். வாங்கலாமா?

விதி வேலு

3 நாள் போதாது. பார்வோ தொற்றியபின் வெளியே தெரிய 2 வாரம் வரைகூட ஆகலாம். 14 நாள் என்று மாற்றச் சொல்லுங்கள். முன்பணத்துக்கும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: நீங்கள் தேர்ந்தெடுக்கும் மருத்துவர் பரிசோதித்துக் குறை எழுதிக் கொடுத்தால் முன்பணம் முழுதும் திரும்ப வேண்டும்.

சத்துமாவு வாங்கினால்தான் செல்லும் என்ற வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். மாவுக்கும் முட்டிச்சில்லுக்கும் என்ன சம்பந்தம்? "வேறு குட்டி தரப்படும்" என்பதையும் ஏற்காதீர்கள். ஆறு மாதம் பழகிய நாயை எந்தப் பிள்ளை திருப்பிக் கொடுக்கும்? அது தெரிந்துதான் அந்த வரியைப் போடுகிறார்கள். கொடுத்த விலை வரை மருத்துவச் செலவை ஏற்க வேண்டும் என்று மாற்றுங்கள். தவணை என்றால், குட்டி இறந்தாலும் மீதித் தொகை கட்ட வேண்டுமா என்று எழுத்தில் கேளுங்கள். கட்ட வேண்டும் என்பதே பல ஒப்பந்தங்களின் பதில். வாட்ஸ்அப்பில் பேசியதை அழிக்காமல் வையுங்கள். தகராறு வந்தால் 20,000 வெள்ளி வரையிலான தொகைக்கு, 2 ஆண்டுக்குள், வக்கீல் இல்லாமல் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம்.

கிளினிக் தாதி

8 மாத நாயைத் தாழ்வாக நினைக்காதீர்கள். ஊசிகள் முடிந்திருக்கும், விரை இறங்கியதா இல்லையா என்பது தெரிந்துவிடும், முட்டிச்சில்லையும் குட்டியைவிட நன்றாகத் தடவிப் பார்க்கலாம். எவ்வளவு பெரிதாகும் என்ற சந்தேகமும் கிட்டத்தட்ட தீர்ந்திருக்கும். விலை குறைவுக்குக் காரணம் வயது மட்டும்தானா, யாராவது வாங்கித் திருப்பிக் கொடுத்ததா என்று நேராகக் கேளுங்கள். திருப்பியதென்றால் உரிம மாற்றத்தில் பழைய உரிமையாளர் பதிவு இருக்கும்.

இதயப்புழுத் தடுப்பு மருந்து எந்த மாதத்திலிருந்து கொடுக்கிறார்கள், நடுவில் விட்டார்களா என்றும் கேளுங்கள். இங்கே கொசு வருடம் முழுக்க இருப்பதால் அந்த நோய் சாதாரணமாகப் பார்க்கிற ஒன்று. விட்டிருந்தால் வாங்கும் முன்பே ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். புழு தொற்றி சுமார் 6 மாதம் கழித்துத்தான் சோதனையில் தெரியும், அதனால் இப்போது இல்லை என்று வந்தாலும் 6 மாதம் கழித்து இன்னொருமுறை எடுக்க வேண்டும்.

பிறகு வார் கட்டிக் கடைக்கு வெளியே நடக்க விடச் சொல்லுங்கள். தரையோடு ஒட்டிக்கொண்டு நகரவே மறுத்தால், கூண்டை விட்டு அதிகம் வெளியே வந்ததில்லை என்று பொருள். மாற்ற முடியும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும், தினமும் வீட்டில் ஒருவர் அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். பகலில் வீட்டில் யாரும் இல்லையென்றால் அந்த நாய் வேண்டாம்.