கொமில்லாவில் மாட்டியிருக்கும் பிள்ளைகள்: எந்த எல்லை வழி?

எங்கள் வீடு பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை. அக்கா மகள் வங்கதேசத்தில் கொமில்லாவில் எம்.பி.பி.எஸ். படிக்கிறாள். அங்கே நடக்கும் மாணவர் போராட்டக் கலவரத்தில் 2024 ஜூலை 18 ராத்திரியோடு இன்டர்நெட் போய்விட்டது. வாட்ஸ்அப் கிடையாது, ஐ.எஸ்.டி. போட்டால் எப்போதாவது லைன் கிடைக்கிறது. நேற்று (ஜூலை 19) நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு, ராணுவமும் இறங்கிவிட்டது.

ஹாஸ்டலில் நம் பக்கத்துப் பெண்கள் சிலர் சேர்ந்தே இருக்கிறார்கள். அரிசி, பருப்பு இருக்கிறதாம். ரொக்கம்தான் குறைவு. அங்கே மொபைலில் பணம் அனுப்பும் பிகாஷ் ஆப் நெட் இல்லாமல் ஓடாது, பக்கத்து ஏ.டி.எம்.மில் பணமில்லை. பாஸ்போர்ட் அவள் கையில், விசா டிசம்பர் வரை செல்லும்.

டாக்காவில் உள்ள நம் தூதரகத்தில் பெயர் கொடுத்தாச்சு. தேவையில்லாமல் வெளியே போகாதீர்கள் என்று 18-ஆம் தேதியே அறிவித்திருந்தார்கள். பேச்சு தமிழ், ரேஷன் கார்டு கேரளம் என்பதால் நோர்காவிலும் (வெளிநாடு வாழ் கேரளத்தவருக்கான கேரள அரசு அமைப்பு) தமிழ்நாட்டுப் பக்கமும் சொல்லி வைத்தோம். டாக்கா விமானமும் பார்த்தோம். டிக்கெட் கிடைத்தாலும் ஊரடங்கில் 100 கி.மீ. ரோட்டில் அனுப்ப எனக்கு மனசில்லை.

திரிபுரா எல்லை கிட்டத்தில்தான். அகௌரா எல்லைச் சாவடி வழியாக மாணவர்கள் திரிபுராவின் அகர்தலா வருவதை டிவியில் காட்டுகிறார்கள், ஆனால் அதுவும் ஏறக்குறைய 50 கி.மீ. கொமில்லாவை ஒட்டியே பீபிர் பஜார் சோதனைச் சாவடி இருக்கிறது, தாண்டினால் திரிபுராவின் சோனாமுரா. இந்தப் பக்கம் வந்துவிட்டால் கோவை வரை கூட்டிவர நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

இந்த இரண்டு நாளில் பீபிர் பஜார் வழியாக மாணவர்கள் யாராவது வந்தார்களா, இல்லை அகௌராவுக்குத்தான் போயாக வேண்டுமா?