தம்பியை மன்னிக்காமல் திருவிருந்து எடுக்கலாமா?

பனைவிளை அக்கா:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சொந்த ஊர் நாசரேத் பக்கம், வாக்கப்பட்டு வந்தது தாம்பரம். சி.எஸ்.ஐ. சபை. அம்மா முதலிலேயே போய்விட்டார்கள். அப்பா உயில் எதுவும் எழுதாமல் இறந்தார். பிள்ளைகள் நானும் தம்பியும் மட்டும்தான். அடக்கம் முடிந்து கொஞ்ச நாளில், "பட்டா மாத்தணும், உன் கையெழுத்து வேணும்க்கா" என்று சப்-ரிஜிஸ்தார் ஆபீசுக்குக் கூட்டிப்போனான். பின்னால் வில்லங்கம் போட்டுப் பார்த்தால், நான் கையெழுத்துப் போட்டது என் பங்கை அவனுக்கு விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரம். வீடு, பனைவிளை எல்லாம் இப்போது அவன் பேரில்.

போன ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தேன். அசனப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன், குழம்பு வாளியோடு வரிசையில் வருகிறது அவன்தான். என் இலைக்கு முன்னால் குனிந்து, "அக்கா, கறி நல்லா விழுந்துச்சா? இன்னும் ரெண்டு துண்டு வைக்கட்டா?" என்கிறான். ஒன்றுமே நடக்காத முகம். பக்கத்திலிருந்த சித்தி, "பாசக்காரத் தம்பி" என்றார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது லெந்து காலம், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம். போன ஞாயிறு எங்கள் ஐயர், சபைக் குருவானவர், பரமண்டல ஜெபத்தில் "நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்களுக்கு மன்னியும்" என்று வருவதை வைத்துப் பிரசங்கம் பண்ணினார். மன்னிக்காதவர்கள் திருவிருந்துக்கு, அதாவது நற்கருணை வாங்க, வர வேண்டாம், அவர்கள் இரட்சிப்பே சந்தேகம்தான் என்றார். அன்றைக்கு நான் திருவிருந்து எடுக்க எழுந்து போகவில்லை. அவன் மன்னிப்புக் கேட்கவே இல்லையே, நான் எதை மன்னிப்பது? மன்னித்தால் வீட்டையும் விட்டுவிட வேண்டுமா? வீட்டுக்காரர் கேஸ் போடு என்கிறார். யாராவது விளக்கமாகச் சொல்லுங்கள்.

சமாதானப்புறா:

அக்கா, மறந்து மன்னித்துவிடுங்கள். 1 கொரிந்தியர் 6 வாசியுங்கள். சகோதரன் சகோதரன்மேல் வழக்குப் போடுவதைவிட நஷ்டத்தைச் சகித்துக்கொள்வது மேல் என்கிறார் பவுல். லூக்கா 12-இலும் ஒருவன் வந்து, ஆஸ்தியைப் பங்கிட என் சகோதரனுக்குச் சொல்லும் என்று கேட்டபோது இயேசு மறுத்துவிட்டார். கோர்ட்டு வாசல் மிதித்தால் சாட்சி கெடும். பரலோகத்தில் உங்களுக்கு இதைவிடப் பெரிய வீடு இருக்கிறது. ஜெபிக்கிறேன்.

முன்னாள் உபதேசியார்:

புறா தம்பி, ஏழாம் வசனத்தோடு வேதாகமத்தை மூடிவிட்டீர். எட்டாம் வசனத்தில் பவுல் அநியாயம் செய்கிறவன் பக்கம் திரும்பி, சகோதரனுக்கே இப்படிச் செய்கிறீர்களே என்று திட்டுகிறார். அதை வைத்து தம்பிமாருக்கு யாரும் பிரசங்கம் பண்ணி நான் கேட்டதில்லை, அக்காமாருக்குத்தான் ஏழாம் வசனம். ஐந்தாம் வசனத்தையும் பாரும்: வழக்கைத் தீர்த்துவைக்க விவேகமுள்ளவன் ஒருத்தன்கூட உங்களுக்குள் இல்லையா என்று கேட்கிறார். சபை உட்கார்ந்து பேசித் தீர்த்திருக்க வேண்டும் என்பது அவர் ஆதங்கம். லூக்கா 12-இல் இயேசு பங்கு பிரிக்க மறுத்தது உண்மை. ஆனால் அடுத்த வாக்கியத்தில் பொருளாசையைக் குறித்து எச்சரிக்கிறாரே, அது எல்லாரையும் பார்த்துத்தான். பங்கு கேட்டவனுக்கு எவ்வளவோ, அதைப் பிடித்து வைத்திருக்கிறவனுக்கும் அவ்வளவு.

அக்கா, உங்கள் கேள்விக்கு மத்தேயு 18-ஐ முழுசாக வாசியுங்கள். இரக்கமில்லாத ஊழியக்காரன் கதை எல்லாருக்கும் தெரியும். ராஜாவிடம் அவன் பட்ட கடன் பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஆக 6 கோடி நாள் கூலி. அந்த மனுஷன் "பொறுத்துக்கொள்ளும், எல்லாவற்றையும் தந்துவிடுகிறேன்" என்கிறானே, அது ஆகிற காரியமா! ராஜா மொத்தத்தையும் தள்ளுபடி பண்ணிவிடுகிறார். அப்புறம் இவன் வெளியே போய், நூறு வெள்ளிப்பணம் தர வேண்டிய உடன் வேலைக்காரனின் கழுத்தை நெரிக்கிறான்.

அந்த நூறு வெள்ளிப்பணத்தைச் சில்லறைக் காசு மாதிரி பிரசங்கிகள் சொல்லிவிட்டுப் போவார்கள். கூலிக்காரனுக்கு அது மூன்று நாலு மாதச் சம்பளம். உங்களுக்கு நடந்தது சின்ன விஷயம் என்று இயேசு எங்கேயும் சொல்லவில்லை. நிஜமான நஷ்டம்தான், அதை வைத்துத்தான் கதையே.

இரண்டாவது, ராஜா முதலில் மன்னிக்கிறார். வேலைக்காரன் போய் நாலு பேரை மன்னித்துவிட்டு வந்து அதைக் காட்டிக் கடனைக் கழிக்கவில்லை. எபேசியர் 2-உம் இதையே சொல்கிறது: கிருபையினால் இரட்சிப்பு, கிரியையினால் அல்ல. நாம் மன்னிப்பதும் ஒரு கிரியைதானே? அடுத்த ஞாயிற்றுக்குள் கோபம் ஆறவில்லை என்றால் இரட்சிப்பு போய்விடும் என்றால், இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கி, அன்றைக்கே பரதீசு பெற்ற கள்ளன் கதி என்ன? யாரோடும் ஒப்புரவாக அவனுக்கு நேரமே கிடையாது.

அதற்காகக் கதையின் முடிவை நான் மழுப்ப மாட்டேன். ராஜா அவனைத் திரும்பப் பிடித்து உள்ளே தள்ளுகிறார், பயமுறுத்துகிற முடிவுதான் அது. ஆனால் உள்ளே போனவன் யார்? காலில் விழுந்து கெஞ்சினவனைத் தள்ளினவன். உங்கள் தம்பி இன்னும் விழவே இல்லை. நாளைக்கு அவன் அழுதுகொண்டு வந்து நின்று, நீங்கள் கதவை அடைத்தால் அன்றைக்கு இந்த வசனத்துக்குப் பயப்படுங்கள்.

எழுபது முறை ஏழு தரம் மன்னி என்று இயேசு சொல்வதற்கு முன்னால், அதே அதிகாரத்தில் 15 முதல் 17 வரை என்ன இருக்கிறது? உன் சகோதரன் குற்றம் செய்தால் தனியாகப் போய் அவனிடம் சொல். கேட்கவில்லையா, இரண்டொரு பேரைக் கூட்டிப்போ. அதற்கும் கேட்கவில்லையா, சபைக்குச் சொல். யாருக்கும் தெரியாமல் மனசுக்குள் விழுங்கிக்கொள் என்று அங்கே இல்லை. நீங்கள் இதுவரை அவனிடம் வாய்விட்டுச் சொன்னீர்களா?

திருவிருந்து விஷயம். நம் ஆராதனை முறைக்கு மூலங்களில் ஒன்றான 1662 ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில், நற்கருணை ஆராதனைக்கு முன் குருவானவருக்கு ஒரு குறிப்பு உண்டு. பகையிலிருக்கிற இருவரையும் ஒப்புரவாகும்வரை பந்திக்கு விடக் கூடாது. சரி, இதுவரை உங்கள் ஐயர் சொன்னதேதான். அதற்குக் கீழேயே, ஒருத்தர் மனதார மன்னிக்கத் தயாராயிருந்து, தன் பக்கத்துத் தப்பைச் சரிசெய்யவும் சம்மதித்து, மற்றவர் மட்டும் முரண்டு பிடித்தால், தயாராயிருக்கிறவரைச் சேர்த்துக்கொண்டு முரண்டு பிடிக்கிறவரை நிறுத்த வேண்டும் என்றும் இருக்கிறது. இதை ஐயரிடம் மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள்.

கேஸ் பற்றி: 1999-இல் ஒடிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு சின்னப் பையன்களையும் ஜீப்பில் வைத்து எரித்தார்கள். அவர் மனைவி கிளாடிஸ் கொலையாளிகளை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். பாரிபதாவில் தொழுநோயாளிகளுக்கான வேலையையும் தொடர்ந்தார். ஆனால் மன்னிப்பு வேறு, குற்றத்தின் விளைவு வேறு என்பதிலும் உறுதியாக இருந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை நடந்து 2011-இல் முக்கியக் குற்றவாளி தாரா சிங்கின் ஆயுள் தண்டனை உறுதியானது. அவர் மன்னித்ததில் இதனால் குறை ஏதும் வந்ததா?

மணப்பாட்டுக்காரி:

நாங்கள் ஆர்.சி., கத்தோலிக்கர். எங்களிடம் பாவசங்கீர்த்தனத்தில், சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடும்போது, திருடினதைச் சொன்னால் மட்டும் போதாது, திருப்பிக் கொடுக்கிற கடமை உண்டு. வேதத்தில் வரி வசூலிக்கிற சகேயு, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாக, நாலு மடங்காகத் தருகிறேன் என்றது சும்மா இல்லை. மன்னிக்கிற வேலை உங்களுக்கு, திருப்பித் தருகிற வேலை உங்கள் தம்பிக்கு. அவர் வேலையையும் நீங்களே ஏன் சுமக்கிறீர்கள்?

அப்புறம், கெட்ட குமாரன் கதையில் தகப்பன் சொத்தை முதலிலேயே பிரித்துக் கொடுத்துவிட்டார். இளையவன் தன் பங்கை அழித்துவிட்டுத் திரும்பி வந்தபோது, எனக்குள்ளதெல்லாம் உன்னுடையது என்று மூத்தவனிடம் சொல்கிறார். விருந்து வைத்தாரே தவிர, மூத்தவன் பங்கைப் பிடுங்கி விருந்து வைக்கவில்லை.

பனைவிளை அக்கா:

உபதேசியார் ஐயா, நீங்கள் கேட்டதற்குப் பதில்: இல்லை, அவனிடம் சொல்லவில்லை. தெரிந்ததிலிருந்து போனை எடுப்பதில்லை, அவ்வளவுதான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வீடு திரும்பக் கிடைத்தாலும் இந்தக் கோபம் போகாது போலிருக்கிறது. அப்பாவைப் பிடித்துக்கொண்டு அழுத அதே கையால் பேனாவைக் கொடுத்தானே, அதுதான். மனதார மன்னிக்கத் தயாரா என்று ஐயர் கேட்டால் என்ன சொல்வேன்?

முன்னாள் உபதேசியார்:

தயாராக ஆசை, இன்னும் முடியவில்லை என்று சொல்லுங்கள். அவன் அழிந்துபோக வேண்டும் என்று நினைக்கிறீர்களா, அவன் திருந்த வேண்டும் என்று நினைக்கிறீர்களா? இரண்டாவது என்றால் ஐயரிடம் போகலாம். தம்பியிடம் நேரில் பேசுங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம், சித்தி குரூப்பில் சுற்றிவிடும்.

கோர்ட்டுக்குப் பக்கத்து வீடு:

வேதம் அவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் சட்டம் மட்டும். 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி உயில் இல்லாத கிறிஸ்தவர் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. தாயும் இல்லாததால் உங்களுக்குப் பாதி. ஏமாற்றி வாங்கிய பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க, விஷயம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் கெடு. வில்லங்கம் எடுத்த தேதியைப் பாருங்கள். விடுதலைப் பத்திரத்துக்குச் சான்றிட்ட நகல் விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளுங்கள். தம்பியோடு பேசப் போகும்போது அது கையில் இருக்கட்டும். அவர் சம்மதித்தால் கேஸ் இல்லாமலே உங்கள் பாதியை உங்கள் பேருக்குத் திரும்ப எழுதிப் பதிந்துவிடலாம்.

பனைவிளை அக்கா:

வில்லங்கம் எடுத்தது போன வருஷம் கிறிஸ்துமஸ் லீவில். நேரம் இருக்கிறது. குருத்தோலை ஞாயிறுக்கு ஊருக்குப் போகிறேன், நகலோடு.