மறு: நாள்தோறும் கூடவே இருக்கும் சின்ன டார்ச்சுக்கு ஒரு தமிழ்ச்சொல்

குழுவினருக்கு வணக்கம்.

நான்கு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நேற்று ராத்திரி இங்கே கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒன்றரை மணி நேரம் கரண்ட் இல்லை. நாம் பெயர் தேடிக்கொண்டிருக்கும் பொருளைக் கையில் உருட்டியபடி இருட்டில் உட்கார்ந்திருந்தேன். அப்போது தோன்றியதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> 'கைவிளக்கு' போதுமே. எளிய சொல், எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான் ஐயா, ஆனால் என்னவாகப் புரியும்? பள்ளிக்கூடத்தில் படித்த யாரைக் கேட்டாலும் 'கைவிளக்கேந்திய காரிகை' என்றால் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் என்று சொல்லிவிடுவார்கள். அந்த அம்மா காயம்பட்ட சிப்பாய்களைப் பார்க்க 1854இல் துருக்கிக்குப் போனார். டார்ச் என்ற பொருள் வர இன்னும் நாற்பத்தைந்து வருடம் இருந்தது. கையில் எடுத்துப் போகிற எண்ணெய் விளக்கும் கைவிளக்குதான், அரிக்கேன் விளக்கும் கைவிளக்குதான். ஏற்கெனவே குடியிருக்கும் சொல்லைக் காலி செய்யச் சொல்ல வேண்டாம் என்பது என் கட்சி.

> 'மின்சூள்' ஈழத்தில் ஏற்கெனவே புழங்குகிறது. அதை எடுத்துக்கொள்ளாமல் ஏன் புதிதாக ஒன்று?

டார்ச்சுக்குப் பொதுப்பெயராக மின்சூளை நான் இரண்டு கையாலும் வரவேற்கிறேன். சூள் என்றால் சபதம் மட்டுமல்ல, தீப்பந்தமும்தான். ஆங்கிலேயர் செய்ததும் இதுவே. பழைய பந்தத்தின் பெயரையே புதுப் பொருளுக்கும் வைத்துக்கொண்டார்கள். அமெரிக்கர்கள் வேறு வழியில் போனார்கள். டேவிட் மிசெல் என்பவர் 1899 ஜனவரியில் அங்கே காப்புரிமை வாங்கிய காலத்தில் பேட்டரிக்கும் பல்பின் இழைக்கும் நின்று எரியும் சக்தி இல்லை. ஒரு நொடி பளிச்சென்று அடிக்கலாம், பிறகு அணைத்து ஓய்வு கொடுக்க வேண்டும். அதனால் 'ஃபிளாஷ்லைட்' என்று பெயர். குறை எப்போதோ தீர்ந்துவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

ஆனால் நம் கேள்வி பொதுப்பெயர் பற்றியது அல்ல. இரவுக் காவலாளியின் ஐந்து கட்டை (பேட்டரி) டார்ச்சும் மின்சூள்தான், படகில் வைத்திருக்கும் பெரிய லைட்டும் மின்சூள்தான். நாம் தேடுவது வேட்டி, சட்டை, செருப்பு மாதிரி வெளியே கிளம்பும்போது தானாகக் கூட வருகிற ஒன்றுக்கு.

> பேரொளி, வல்லொளி, நுண்ணொளி: இவற்றில் ஒன்றோடு 'விளக்கு' சேர்க்கலாம்.

இங்கேதான் எனக்கு அடிப்படையிலேயே உடன்பாடு இல்லை. இந்தப் பொருளைத் தனியாகக் காட்டுவது அதன் ஒளி அல்ல, அது இருக்கும் இடம்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கரையைக் கடந்தபோது எங்கள் வீட்டில் மூன்று கட்டை போடுகிற டார்ச் ஒன்று இருந்தது. அப்பா வாங்கியது. தெருக்கோடி வரை அடிக்கும். பீரோவின் மேல் துணியில் சுற்றிப் பத்திரமாக இருந்தது. ஜன்னல் கதவு கொக்கியைப் பிய்த்துக்கொண்டு அடித்துக்கொள்ள, நாற்காலி போட்டு ஏறி அதை எடுத்தேன். பின்மூடி திருக வரவில்லை. துண்டைச் சுற்றித் திருகியபோது பொரபொரவென்று வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது. உள்ளே மூன்று கட்டையும் ஒழுகி, ஸ்பிரிங்கையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒரே கல்லாகக் கிடந்தன. அன்றைக்குக் கைகொடுத்தது பட்டன் போனின் தலையில் இருந்த பட்டாணி அளவு லைட். அதுவும் மறுநாள் சார்ஜ் இறங்கிப் படுத்துவிட்டது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரப் பதினோரு நாள் ஆனது. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்த பண்ருட்டிப் பக்கத்து ஊர்களில் இன்னும் கூடுதல்.

அப்பாவின் டார்ச்சில் ஒளிக்கு என்ன குறைச்சல்? பேரொளிதான். பீரோ மேல் இருந்தது, அதுதான் குறை.

அதற்குப் பிறகு நான் நாலைந்து வாங்கிப் பார்த்துவிட்டேன். ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பெட்டி நிறைய விவரம், ஐந்து விதமாக எரியும், அவசர உதவிக்கு விட்டு விட்டு மின்னும். ஒருநாள் இரவு குளியலறைப் பக்கம் சரசரவென்று சத்தம். பொத்தானை அழுத்தினேன், மங்கலாக எரிந்தது. இன்னொரு முறை அழுத்தினேன், டிஸ்கோ மாதிரி மின்ன ஆரம்பித்தது. அந்த மின்னலில் சாரைப்பாம்பு ஒன்று துண்டு துண்டாக நகர்ந்து போவதைப் பார்த்தேன். சாரை என்று நானாக நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். மறுநாளே அதை மாமா பையனுக்கு விளையாடக் கொடுத்துவிட்டேன்.

இப்போது வைத்திருப்பது விரல் நீள அலுமினியக் குழாய். சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற ஏஏ பேட்டரி ஒன்று, அடியில் ஒரு பொத்தான், எரியும், அணையும். ஆறு வருடமாக என்னோடு இருக்கிறது. பேட்டரியின் குறுக்களவு 14.5 மில்லிமீட்டர், நீளம் 50.5, எடை ஏறக்குறைய 23 கிராம். 18650 என்கிற பெரிய லித்தியம் பேட்டரியில் சக்தி அதிகம், மறுக்கவில்லை. ஆனால் ராத்திரி பத்து மணிக்கு மஞ்சக்குப்பத்துப் பெட்டிக்கடையில் அது கிடைக்காது, ஏஏ கிடைக்கும். புயல் ஊர்க்காரனுக்கு வேறு காரணம் வேண்டியதில்லை. சாதாரண நாளில் சார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரியைப் போட்டுக்கொள்கிறேன். சாதாரண ஆல்கலைன் பேட்டரி உள்ளேயே கிடந்தால் ஒருநாள் ஒழுகும், ஒழுகுவது காரம். ஒழுகிய இடத்தை எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சால் துடைத்தால் நுரைத்துக்கொண்டு கரையும். அதையும் பழகிக்கொண்டேன்.

கடற்கரை ஊரில் டார்ச்சின் எதிரி மழை அல்ல, காற்று. தேவனாம்பட்டினத்து உப்புக்காற்று திருகுமரையில் வெள்ளைப் பொடியாகப் பூக்கும். விட்டால் மூடி இறுகிவிடும். மாதம் ஒருமுறை பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, ரப்பர் வளையத்தில் துளி சிலிக்கோன் கிரீஸ் தடவுவேன். பெட்டியில் ஐ.பி.எக்ஸ்.7 என்று போட்டிருப்பார்கள். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். அது நல்ல தண்ணீர்க் கணக்கு. கடல் தண்ணீரைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

பெட்டி என்றதும் இன்னும் இரண்டு சொல் நினைவுக்கு வருகிறது. நம் குழுவின் சொற்பட்டியலில் அவையும் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

ஒன்று, எவ்வளவு நேரம் எரியும் என்பதற்கு. 'இயங்குநேரம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். பிழையில்லை, ஆனால் மோட்டாருக்குச் சொல்வது போல இருக்கிறது. 'எரிநேரம்' என்கிறேன் நான். எல்.ஈ.டி. எரிவதில்லையே என்று அறிவியல் நண்பர்கள் வரலாம். 'மாடியில லைட்டு எரியுது பார்' என்று சொல்லாத வீடு எது? ஆயுள் என்று மட்டும் எழுதவே கூடாது, ஏனென்றால் இந்த எண்ணில் ஒரு சூது இருக்கிறது. அமெரிக்காவில் 2009இல் டார்ச்சுகளுக்காக வந்த எஃப்.எல்.1 தரவரையறைப்படி, எரியத் தொடங்கி 30 நொடி ஆனதும் எடுத்த அளவில் பத்தில் ஒரு பங்காக ஒளி இறங்கும் வரை கணக்கில் சேரும். 500 லுமெனில் (லுமென் என்பது மொத்த ஒளியின் அளவு) ஆரம்பித்து 50க்கு வந்து முக்கிக்கொண்டிருக்கும் நேரமும் அந்தப் பெட்டியில் எழுதிய மணிக்கணக்கில் உண்டு. பேட்டரி போடும் டார்ச் பலவும் இப்படித்தான் இறங்கும். 100 லுமெனில் தொடங்கி அதிகம் இறங்காமல் நிற்பதே எனக்குப் போதும்.

இன்னொன்று, எவ்வளவு தூரம் அடிக்கும் என்பதற்கு. 'பாய்ச்சல்' அழகான சொல், ஆனால் ஒளிப்பாயம் என்று இயற்பியலில் வேறொன்று இருக்கிறது, அடித்துக்கொள்ளும். 'வீச்சு' இருக்கட்டும். வீச்சுவலை போடுகிற ஊர் இது, விளக்கவே வேண்டாம். அலைவீச்சோடு குழம்பும் இடத்தில் 'ஒளிவீச்சு' என்று எழுதிக்கொள்ளலாம். அதே தரவரையறையில் ஒளி 0.25 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது ஓரிடத்தில் விழும் ஒளியின் அளவு) இறங்கும் தூரம்தான் வீச்சு. ஏறக்குறைய பௌர்ணமி நிலா வெளிச்சம். கேண்டெலா (ஒரு திசையில் போகும் ஒளியின் செறிவு) எண்ணின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டர் கிடைக்கும். 2,500 கேண்டெலாவுக்கு 100 மீட்டர். அந்தத் தூரத்தில் யாரோ நிற்கிறார்கள் என்று தெரியும், யார் என்று தெரியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் பரிந்துரை: மடிவிளக்கு.

வேட்டி மடிப்பில் செருகிக்கொள்வது மடி. புடவையிலும் மடி உண்டு, சில்லறை முடிந்து வைக்கும் இடம். 'மடியில் கனமிருந்தால் வழியில் பயம்' என்பதில் வருகிற அதே மடி. பர்ஸ் வந்த பிறகும் அந்தச் சொல் போகவில்லை. விலை மதிப்புள்ளதை, உடனே கைக்கு வர வேண்டியதை, நாம் அங்கேதான் வைத்தோம். பேன்ட் போடுகிறவருக்கு அது பையாக இருந்துவிட்டுப் போகட்டும்.

அன்புடன்,
கடலூரிலிருந்து

—

இரண்டாவது மடல்

வணக்கம்.

ஒரே நாளில் ஏழு மறுமொழி. குழுவில் இத்தனை பேர் விழித்திருக்கிறீர்கள் என்று இப்போதுதான் தெரிகிறது.

> புதுச்சேரியில் எங்கள் பெரியப்பா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா, இதை 'லாம்ப் தெ போஷ்' என்பார். சட்டைப்பை விளக்கு. அதையே 'பைவிளக்கு' என்று எடுத்துக்கொண்டால் என்ன?

அம்மா, உங்கள் பெரியப்பாவும் நானும் ஒரே கட்சி. பிரெஞ்சுக்காரர்கள் ஒளியைப் பார்த்துப் பெயர் வைக்கவில்லை, வைக்கும் இடத்தைப் பார்த்து வைத்தார்கள். ஆனால் தமிழில் பை என்றால் காய்கறிப் பையும் பைதான், தோளில் மாட்டுவதும் பைதான். பைக்குள் போனால் குடைக்கும் டிபன் பாக்ஸுக்கும் அடியில் போய்விடும். மறுபடி பீரோ கதைதான்.

> 'மடிக்கணினி' மாதிரி, மடித்து வைக்கும் விளக்கு என்று நினைத்துவிட மாட்டார்களா?

சிலர் நினைப்பார்கள். மடிக்கணினியிலும் மடி என்பது மடியில் வைப்பதா, மடிப்பதா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது, சொல் பாட்டுக்குப் புழங்குகிறது. மடிகிற குடையை நாம் மடக்குக்குடை என்கிறோம். மடிகிற விளக்கு வந்தால் அது மடக்குவிளக்கு.

> மடி என்றால் சோம்பல். வள்ளுவர் 'மடியின்மை' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். சோம்பேறி விளக்கா இது?

இதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன் ஐயா. அந்த 61ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார்த்தால் முதல் குறளே உங்கள் பக்கம் சாட்சி சொல்கிறது: குடி என்னும் விளக்கு, மடி என்னும் மாசு படிந்து கெட்டுவிடுமாம். விளக்கும் மடியும் ஒரே குறளில், அதுவும் ஜென்மப் பகையாக! இதற்கு என்னிடம் நேரடி பதில் இல்லை. சோம்பல் என்ற பொருளில் மடி இன்று பேச்சில் இல்லை, செய்யுளில்தான் இருக்கிறது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். தவிர, எழுந்து போய்த் தேடாமல் உட்கார்ந்த இடத்திலேயே எடுத்து அடிக்கலாம் என்றால் கொஞ்சம் சோம்பேறி விளக்குதான்.

> பொதுப்பெயர் மின்சூள் என்றால் இது 'மடிச்சூள்' ஆக வேண்டும். முறைப்படி அதுதான் சரி.

முறைப்படி சரி. ஆனால் பெண்ணைப் பெற்றவர்கள் 'மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்' என்று புலம்பிய நாட்டில் மடிச்சூள் என்று சொல்லிக் கடையில் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

இதற்கு நடுவில் நானே கண்டுபிடித்த ஓட்டை ஒன்றையும் போட்டு உடைக்கிறேன். தமிழில் விளக்கை ஏற்றுகிறோம், லைட்டைப் போடுகிறோம், டார்ச்சை மட்டும் அடிக்கிறோம். 'டார்ச் அடிச்சுப் பாரு' என்பதுதான் பேச்சு. 'மடிவிளக்கு அடி' என்றால் காதில் இடிக்கிறது. மின்சாரம் வந்தபோது விளக்கு 'ஏற்று' என்பதை விட்டு, 'தெருவிளக்கு போட்டாச்சா' என்று மாறிக்கொண்டது போல இதுவும் மாறிக்கொள்ளும் என்று நம்புகிறேன். நம்பிக்கைதான், ஆதாரம் இல்லை.

நேற்று லாரன்ஸ் ரோட்டில் பேட்டரி வாங்கும்போது கடைக்காரரிடம் டார்ச்சைக் காட்டாமல், 'மடிவிளக்குக்குப் பேட்டரி கொடுங்க' என்று கேட்டுப் பார்த்தேன். ஒரு கணம் யோசித்தார். பிறகு என் இடுப்பைப் பார்த்து, 'ஒரு கட்டையா, ரெண்டு கட்டையா?' என்றார்.

மடக்குவது என்று அவர் நினைத்த மாதிரி தெரியவில்லை. ஒருவரை வைத்து முடிவு கட்ட முடியாது, தெரியும். உங்கள் ஊர்க் கடையிலும் கேட்டுப் பார்த்து எழுதுங்கள், புதுச்சேரி நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கேட்கலாம். அதுவரை பட்டியலில் இப்படிப் போட்டு வைக்கிறேன்:

மடிவிளக்கு (பெயர்ச்சொல்) – நாள்தோறும் உடலோடு எடுத்துச் செல்லும் சிறிய மின்சூள். 'மடிவிளக்கின் எரிநேரம்', 'மடிவிளக்கை அடித்தான்'. நிலை: விவாதத்தில்.

இரண்டாவது எடுத்துக்காட்டை வேண்டுமென்றேதான் போட்டிருக்கிறேன். இடித்தால் சொல்லுங்கள், எடுத்துவிடலாம்.