இயக்க சக்தியைப் பிள்ளைகளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

கொட்டகலை அக்கா:
வணக்கம். நான் தோட்டத்தில் தரம் 10, 11 பிள்ளைகளுக்குப் பின்னேரத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைக்காம்பரா (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) பூட்டின பிறகு அங்கேதான் வகுப்பு. இந்தக் கிழமை இயக்க சக்தி, அதாவது அசைகிற பொருளுக்கு இருக்கும் சக்தி. சூத்திரத்தை எல்லோரும் ஒப்புவிக்கிறார்கள், திணிவில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி யூல் என்ற சக்தி அலகில் விடை எழுதுகிறார்கள், ஆனால் அது என்ன பொருள் என்று கேட்டால் முழிக்கிறார்கள். அவர்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கு என்னாலும் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

நம் புத்தகத்தில் இயக்க சக்தி, அழுத்த சக்தி என்று இருக்கிறது, போனில் பார்க்கிற தமிழ்நாட்டுப் பாடங்களில் இயக்க ஆற்றல், நிலை ஆற்றல் என்கிறார்கள், இரண்டும் ஒன்றா? வேகத்தை ஏன் வர்க்கிக்க வேண்டும், திணிவைப் போல ஒருமுறை பெருக்கினால் என்ன? மூன்றாவது ஒரு பெண்பிள்ளை கேட்டது: "டீச்சர், பொடி மெனிகே ரயிலில் ஏறி சீட்டில் தூங்குகிற ஆளுக்கு இயக்க சக்தி இருக்கா?" உண்டு என்றுதான் சொன்னேன், ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் நம்பின மாதிரி இல்லை.

பதுளை மாஸ்டர்:
மகள், முதலில் சொல் விஷயத்தைத் தீர்த்துவிடுவோம், பாதிக் குழப்பம் அங்கேதான். இரண்டும் ஒன்றுதான். இங்கே சக்தி, அங்கே ஆற்றல். இங்கே திணிவு, அங்கே நிறை. நம் பிள்ளைகளை உண்மையில் விழுத்துவது 'அழுத்தம்' என்ற சொல். தமிழ்நாட்டில் அழுத்தம் என்றால் டயரில் காற்று அழுத்துகிறதே அது, நாம் அதை அமுக்கம் என்கிறோம். நம் புத்தகத்து அழுத்த சக்தி, இருக்கிற இடத்தால் ஒரு பொருளுக்குள் சேர்ந்து கிடக்கும் சக்தி, மின்சாரப் பாடத்தில் வரும் அழுத்த வித்தியாசமும் அதே வழியில் வந்த சொல்தான். அதனால் வீடியோவில் அழுத்தம் என்று கேட்டவுடன் அழுத்த சக்தி என்று எழுதாதே என்று பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடு.

ரயில் கேள்வி நல்ல கேள்வி, அந்தப் பிள்ளையைப் பாராட்டு. நானுஓயா மேடையில் நிற்கிறவருக்கு அந்த ஆள் ரயிலின் வேகத்தில் போகிறார், இயக்க சக்தி உண்டு. எதிர் சீட்டில் இருப்பவருக்கு அவர் அசையவே இல்லை, அந்தக் கணக்கில் பூச்சியம். இரண்டும் சரி. வேகத்தை யாரை வைத்து அளக்கிறோம் என்று சொல்லாமல் இயக்க சக்தி இவ்வளவு என்று சொல்ல முடியாது. புத்தகம் பேசாமல் தரையை வைத்து அளந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

ரம்பொடை வளைவு:
தங்கச்சி, வர்க்கத்துக்கு நான் பதில் சொல்கிறேன், நான் படித்தவன் இல்லை, நுவரெலியாவிலிருந்து மரக்கறி ஏற்றி கம்பளைப் பக்கம் இறக்குகிற லொறிக்காரன், ஆனால் அந்த வர்க்கத்தைக் காலுக்குக் கீழே உணர்ந்திருக்கிறேன். இருபதில் வருகிற லொறியை ஒரு மிதியில் நிறுத்தலாம். நாற்பதில் வந்தால் இரண்டு மடங்கு தூரம் போதும் என்று புதுப் பையன்கள் நினைக்கிறார்கள். நான்கு மடங்கு வேண்டும். அறுபது என்றால் ஒன்பது மடங்கு, அந்த ரோட்டில் அவ்வளவு நேர் ரோடு எங்கே இருக்கிறது, அதற்குள் வளைவு வந்துவிடும்.

ஒருதரம் ராத்திரி, நல்ல பனிமூட்டம், எனக்கும் அவசரம், கியர் இறக்காமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினேன். பாதி வழியில் கருகின வாசம் வந்தது, மிதித்தால் பெடல் கீழே போகிறது, வண்டி கேட்கவில்லை. கைப்பிரேக்கையும் இழுத்து, இரண்டாம் கியருக்கு இறக்கி, மண்மேட்டுப் பக்கம் உரசவிட்டு நிறுத்தினேன். பிரேக் டிரம்மில் தண்ணி தெளித்தால் சீறியது. (சூடான டிரம்மில் தண்ணி ஊற்றக் கூடாது, வெடித்துவிடும், அன்றைக்கு எனக்கு அது தெரியாது.) ஓடுகிற சக்தி எங்கேயும் மறைந்து போவதில்லை, பிரேக்கில் சூடாக வந்து நிற்கிறது என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். கிளீனர் பையனிடம் இப்போதும் சொல்வேன், ஏறின கியரிலேயே இறங்கு, நியூட்ரலில் விடாதே.

பதுளை மாஸ்டர்:
தம்பி, நீங்கள் சொன்னதைக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். சாமானோடு பத்து தொன் லொறி, மணிக்கு 36 கிலோமீற்றர், அதாவது செக்கனுக்கு 10 மீற்றர். இயக்க சக்தி 5 லட்சம் யூல். அதை அப்படியே சூடாக்கினால் ஒன்றரை லீட்டர் பச்சைத் தண்ணி கொதிக்கும், ஒரு கேத்தல் தேத்தண்ணிக்குக் காணும். இது பெரிய விஷயம் இல்லை.

பெரிய விஷயம் உயரம். நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு ஏறக்குறைய 1,400 மீற்றர் இறங்குகிறீர்கள். அதே லொறிக்கு அந்த அழுத்த சக்தி 14 கோடி யூல், இயக்க சக்தியைப் போல 280 மடங்கு, நானூறு லீட்டருக்கு மேல் தண்ணி கொதிக்க வைக்கலாம். இறங்க இறங்க அது முழுவதும் இயக்க சக்தியாக மாறப் பார்க்கிறது. மாறவிடாமல் வழி நெடுக யாராவது வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். எஞ்சின் வாங்காவிட்டால் பிரேக் வாங்கும், பிரேக்குக்கு அத்தனையும் தாங்காது. மகள், இந்தக் கணக்கை அப்படியே கரும்பலகையில் போடு.

நோர்வூட் தம்பி:
இதே கணக்கைப் பயனுள்ளதாகத் திருப்பினதுதான் லக்ஷபான நீர்மின் திட்டம். காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களில் தண்ணி சும்மா நிற்கும்போது அழுத்த சக்தி, குழாயில் இறங்கும்போது இயக்க சக்தி, சுழலியைச் சுற்றினவுடன் மின்சாரம். இந்த மலைத் தண்ணியில் மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே எழுதினார், பழைய லக்ஷபான நிலையம் ஓட 1950 ஆகிவிட்டது. ஹைபிரிட் கார்களும் இதைத்தான் செய்கின்றன, மலை இறங்கும்போது மோட்டார் திருப்பிச் சுற்றி பற்றரிக்குச் சேர்க்கும். பற்றரி நிரம்பினால் அதற்கு மேல் வாங்காது, அப்போது அங்கேயும் எஞ்சினைப் பிடிக்கவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

கொட்டகலை அக்கா:
எல்லோருக்கும் நன்றி. லொறி அண்ணன் எழுதினதை வகுப்பில் வாசித்தேன், ஒருத்தனும் அசையவில்லை. இரண்டு பிள்ளைகளின் அப்பாமார் கொழுந்து லொறி ஓட்டுகிறார்கள், அவர்கள் வீட்டில் போய்ச் சொல்வதாகச் சொன்னார்கள். இன்னும் ஒரு சந்தேகம், வகுப்பிலேயே செய்து காட்டுகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா? லெபோரட்டரி எல்லாம் இங்கே கிடையாது.

பதுளை மாஸ்டர்:
களிமண்ணும் ஒரு இரும்புக் குண்டும் போதும். 1720களில் ஒல்லாந்தர் ஒருவர், ஸ்கிராவசாண்டே என்பவர், இப்படித்தான் பித்தளைக் குண்டுகளைக் களிமண்ணில் போட்டுப் பார்த்தார், வேகம் இரட்டித்தால் பள்ளம் நான்கு மடங்காகிறது என்று கண்டார். பிரான்சில் எமிலி து ஷாத்லே அம்மையார் அதை எடுத்து எழுதினார். நீ குண்டைக் கால் மீற்றரிலிருந்தும் ஒரு மீற்றரிலிருந்தும் விழவிடு. உயரம் நான்கு மடங்கு, ஆனால் விழுகிற வேகம் இரண்டு மடங்குதான், இதைப் பிள்ளைகள் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கட்டும். பிறகு பள்ளங்களில் ஊசி இல்லாத சிரிஞ்சியால் தண்ணி விட்டு எவ்வளவு பிடிக்கிறது என்று அளக்கச் சொல். களிமண்ணைக் கட்டி இல்லாமல் நன்றாகப் பிசைந்து மட்டமாகத் தட்டிவிடு, இல்லாவிட்டால் கணக்குக் கோணிவிடும்.